போதும் என்று சொல்லாத உடம்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
26-4-1998.

மகள் சண்முகத்தாய்க்கு அம்மா பாலம்மாள் எழுதுவது.

நீ என் வாசலில் நின்று, "இனிமே இந்தப் படிய மிதிச்சா என்னச் செருப்பால அடி" என்று சொன்னதைத் தெருவே கேட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்று. ராஜபாளையத்துக்கும் இங்கேயும் அரை மணி நேரப் பஸ்தான் என்றாலும் நான் உன்னைக் கூப்பிடப் போவதில்லை. பூத்தில் போய்ப் போன் பேசவும் மனசில்லை. பூத்துக்காரன் நம் வீட்டுச் சண்டையை வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவான். ஐந்தாம் வகுப்பு படித்தவள் நான். எனக்கு எழுத வரும்.

கோமதியை உன்னிடமிருந்து நான் பறித்ததாகப் பேசுகிறாய். கொண்டுவந்து விட்டது அவளைப் பெற்றவன். உனக்குப் புருசன் ஆகுமுன்னே வீரணன் எனக்குத் தம்பி. "அக்கா, பிள்ள நாலு படி ஏறுனா மூச்சு வாங்குதா. பள்ளிக்கூடத்துல பூசணின்னு கூப்பிடுதானுக. நீதான் பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டு, கோயம்புத்தூருக்குப் பாங்கு காவலுக்குப் போய்விட்டான். பட்டாளத்தில் இருந்தவனுக்கு இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்க வெட்கம் இருக்காதா.

பதினாலு வயசாகிறது. இன்னும் ஆளாகவில்லை. உன் தம்பி சுந்தரபாண்டியனுக்குத்தான் கோமதி என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசியது. கல்யாணம் பதினெட்டு முடிந்துதான், போலீஸில் இருக்கிற அவன் சட்டத்தை மீற மாட்டான். ஆனால் சடங்காவது நடந்தால்தானே ஊர் வாய் மூடும். நேற்று ஒருத்தி கேட்கிறாள், "மருமக எப்ப இளைப்பா, எப்ப குத்தவைப்பா?" என்று. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதனால் அடுப்படிக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். சாவி என் இடுப்பில். காலையில் கொள்ளுக்கஞ்சி, மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, ராத்திரி மோர். வெயில் ஏறுமுன் ரத வீதியைச் சுற்றி நடக்க வைக்கிறேன். பால்கோவாக் கடையில் பால் சுண்டும் வாடை வந்ததும் கால் நட்டது போல நின்றுவிடுகிறாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன். கன்னம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. நீ கண்டதையும் ஊட்டி ஊத வைத்ததை நான் சரி பண்ணித் தருகிறேன், பார்.

அம்மா.


ராஜபாளையம்,
30-4-1998.

அம்மாவுக்கு,

சின்னவனுக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நான் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. இல்லாவிட்டால் சொன்ன சொல்லையும் விழுங்கிவிட்டு வந்து பிள்ளையைக் கூட்டிப் போயிருப்பேன்.

நான் ஊட்டி ஊத வைத்தேன் என்கிறாய். ஒரே பானைச் சோறுதான் சின்னவனும் தின்கிறான். அவன் விலா எலும்பை எண்ணிவிடலாம். கோமதி கைப்பிள்ளையாக இருக்கும்போதே என் பால் வற்றும்வரை குடித்துவிட்டுப் பிறகும் அழுவாள். நீதான் "நல்ல பசி, நம்ம குடும்பத்துப் பிள்ளை" என்று திருஷ்டி கழித்தாய்.

மதுரை டாக்டரம்மா சொன்னதை வாசலில் சொல்ல வந்தேன். நீ விடவில்லை. இப்போதாவது பொறுமையாகப் படி. நம் உடம்பில் இருக்கிற கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். அது ஒரு சத்தைச் சுரந்து ரத்தத்தில் விடுமாம். அது மூளைக்குப் போய், "இருப்பு இருக்கிறது, போதும்" என்று சொல்லுமாம். லெப்டின் என்று பெயர். கண்டுபிடித்தே சில வருசம்தான் ஆகிறதாம். கோமதிக்கு அது சுரக்கவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். ரத்தம் எடுத்துச் சீமைக்கு அனுப்பியிருக்கிறார்.

அது இல்லாவிட்டால் உடம்பில் எம்புட்டுக் கொழுப்பு இருந்தாலும் மூளைக்குத் தெரியாது. பட்டினி கிடக்கிறோம் என்றே நினைக்கும். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குப் பசிக்கிற மாதிரி, சாப்பிட்டு எழுந்த கை காயுமுன் அவளுக்குப் பசிக்கிறது அம்மா. அது திமிர் இல்லை. ஆளாவது தள்ளிப் போவதும் அதனால்தான். அந்தச் சத்து ஊசியாகக் கிடைக்காமல் ஆளாவதே கஷ்டம் என்றார். இத்தனை பெரிய உடம்புக்கு ரத்தம் இறைத்து இருதயம் வீங்கியிருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை. கொதிப்பு வேறு. இந்த வயசில் ஐம்பது வயசுக்காரர் இருதயம் என்றார். அதனால் வேகமாக நடக்க வைக்காதே. மாத்திரையை நிறுத்தாதே.

இன்னொன்றும் கேட்டார். "சொந்தத்தில் கல்யாணமா?" என்று. அம்மாவின் தம்பியைத்தான் கட்டினேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

பூட்டு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடு. வெள்ளரிக்காய், கீரை, அவித்த பயறு. வயிறாவது நிறையட்டும்.

சண்முகத்தாய்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
5-5-1998.

சண்முகத்தாய்க்கு,

கொழுப்பு பேசுமாம், மூளை கேட்குமாம். எனக்குத் தெரிந்து பேசுகிற கொழுப்பு வாய்க்கொழுப்பு ஒன்றுதான். அது உனக்கும் உன் டாக்டருக்கும் நிறையவே சுரக்கிறது.

என் தம்பிக்கு உன்னைக் கட்டியதில்தான் கோளாறு என்று அந்த அம்மாள் எழுதிக்கொண்டாளாக்கும். என் அம்மாவும் தாய்மாமனைத்தான் கட்டினாள். நான் அத்தை மகனைக் கட்டினேன். மகாராஜபுரத்து நிலம் ஒரு குழி வெளியே போகாமல் இருப்பது எதனால். நாங்களெல்லாம் ஊதியா போனோம். இதை இனிமேல் யாரிடமும் சொல்லாதே. சுந்தரபாண்டியன் காதில் விழுந்தால் அவன் வேறு பக்கம் பார்ப்பான். மாத்திரையையும் அதனால்தான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். தினம் கொடுத்தால் வாசலில் நிற்கிறவர்கள் கண்ணில் படுகிறது. நடுவில் இரண்டொரு நாள் விட்டிருக்கலாம். அதற்காக நீ குதிக்காதே.

உன் மகள் செய்ததையும் கேள். முந்தா நாள் மத்தியானம் ஆளைக் காணோம். தேடிப் பார்த்தால் மாட்டுக் கொட்டத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாட்டுக்கு ஊற வைத்த புண்ணாக்கை அள்ளித் தின்றுகொண்டிருக்கிறாள். விளக்குமாற்றால் இரண்டு போட்டேன். ஓடவில்லை. அடியை வாங்கிக்கொண்டே மென்றாள். "ஏட்டி, நீ மனுசியா?" என்றேன். "பசிக்குது அம்மாச்சி" என்றாள். அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்.

ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு ராஜரத்தினம் மகள் போன வாரம் ஆளானாள். தினமும் உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுபோகிறார்கள். கோமதி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மாச்சி, பதினாறு நாளும் களி குடுப்பாகளா? முட்டையுமா? போதும்னு சொல்லுறவரைக்குமா?" என்று கேட்டாள். "உனக்கும் காலம் வரட்டும், நான் அதைவிடக் கூடவே கிண்டிப் போடுறேன்" என்றேன். பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. மனசு ஆசைப்பட்டால் உடம்பு கேட்கும்.

அம்மா.


ராஜபாளையம்,
9-5-1998.

அம்மாவுக்கு,

சின்னவனுக்கு அம்மை இறங்கவில்லை. தொண்டைக்குள்ளும் போட்டிருக்கிறது. நான் ராத்திரி பகல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

புண்ணாக்கு தின்றதைப் படித்துவிட்டு என்னால் அழக்கூட முடியவில்லை, அம்மை வீட்டில் அழக் கூடாது. அவளை அடிக்காதே. அவள் திருடியில்லை. இங்கே இருக்கும்போது அரிசியை வாயில் போட்டுக்கொண்டு என்னிடமே வந்து, "திரும்பியும் எடுத்துட்டேம்மா" என்று சொல்லுவாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

பூட்டை எடு. மாத்திரையைக் கொடு. உன்னிடம் இதற்குமேல் கேட்க எனக்கு வாய் இல்லை.

சண்முகத்தாய்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14-5-1998.

அருமை மகள் சண்முகத்தாய்க்கு,

வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படி. செவ்வாய்க்கிழமை காலையில் உன் மகள் ஆளாகிவிட்டாள்.

விடிகாலையில் கொல்லைப்புறம் போனவள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் துணி துவைக்கிற கல்லில் ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பாவாடையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "என்னட்டி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஆளாயிட்டேன் அம்மாச்சி" என்றாள். வேறு பிள்ளைகள் அழும், பயப்படும். இவள் அழவே இல்லை. தைரியசாலி.

சீமைக்கு ரத்தம் அனுப்பினவள் என்ன சொன்னாள்? ஊசி இல்லாமல் ஆளாவது கஷ்டம் என்றாளே. கொள்ளுக்கஞ்சியும் ரத வீதியும் செய்து காட்டிவிட்டன. இதை உன் டாக்டரிடம் போய்ச் சொல்.

சுந்தரபாண்டியன் லீவு போட்டு வந்து பச்சை ஓலையில் தாழ்வாரத்தோடு சேர்த்துக் குச்சில் கட்டினான். தாய்மாமன் முறை குறையில்லாமல் நடந்தது. கோமதியை அதற்குள் உட்கார வைத்திருக்கிறேன். பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அதுவரை யாரும் தொடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். தட்டை வாசலில் வைத்துத் தள்ளுகிறேன். அடுப்படிப் பூட்டை எடுத்துவிட்டேன், இதற்குமேல் என்ன பூட்டு. உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை. எம்புட்டு வைத்தாலும் தட்டு துடைத்தது போலத் திரும்பி வருகிறது. நானும் சந்தோசமாக வைக்கிறேன். இந்த நாளில் தின்றால்தான் இடுப்பு வலுக்கும்.

அம்மை வீட்டிலிருந்து நீ இங்கே வரக் கூடாது. அதற்காக மனசு உடையாதே. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா.


ராஜபாளையம்,
16-5-1998.

அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோசப்பட வேண்டியவள் நான். ஆனால் முடியவில்லை.

நடந்திருந்தால் நல்லது. ஆனால் ஒரு தடவை லேடி டாக்டரிடம் காட்டிவிடு. தீட்டு, தொடக் கூடாது என்று சொல்லாதே. கருப்பட்டியை உடனே நிறுத்து. அவள் ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை ஏறி நிற்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று எழுது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சின்னக் கீறல் பட்டாலும் ஆறாதாம். கையையும் காலையும் தினம் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. நான் இங்கே தினம் பார்ப்பேன்.

கோயம்புத்தூரில் மாமாவுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். லீவு கிடைத்ததும் வருவார்.

அவளிடம் அம்மா கேட்டதாகச் சொல். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சண்முகத்தாய்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
23-5-1998.

சண்முகத்தாய்க்கு,

பெற்ற மகள் ஆளானதற்கு இப்படிப் பதில் எழுதுகிற தாயை நான் பார்த்ததில்லை. உன்னால் ஆகாததை நான் செய்து முடித்தேன் என்கிற பொருமல் உனக்கு. குச்சிலில் இருக்கிற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட நம் வீட்டுக்கு என்ன கேடு வந்தது. கருப்பட்டி போடாமல் களி கிண்டு என்றால் அதை மாடுகூடத் தின்னாது.

ஆண்டாள் கோவில் பக்கம் இருக்கிற மண்டபத்தில் சடங்குக்குச் சொல்லியாகிவிட்டது. பட்டுப்பாவாடை தைக்கிறவன் மட்டும் அளவைப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கா என்று கேட்டான். என் பார்வையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

இரண்டு நாளாக அவளுக்கு உடம்பு சுடுகிறது. சுருண்டு படுத்திருக்கிறாள். எழுந்து நிற்கச் சொன்னால் காலை இழுக்கிறாள். உட்கார்ந்தே கிடந்ததால் மரத்திருக்கும். "என்னட்டி செய்யுது?" என்றால் ஒன்றுமில்லை என்கிறாள். பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொள்கிறாள். கூச்சம் வந்துவிட்டது. ஆளான பிள்ளை அப்படித்தான். தம்பிக்குப் போட்டது இவளுக்கும் போடப் போகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மை என்றால் ஊசி மருந்து கூடாது. வேப்பிலை செருகி, இளநீர் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளில் முத்து எழும்பினால் தெரிந்துவிடும்.

களி மட்டும் நேற்று கொஞ்சம் தட்டில் மிச்சம் இருந்தது.

அம்மா.


ராஜபாளையம்,
27-6-1998.

பாலம்மாள் அவர்களுக்கு,

முப்பதாம் நாள் காரியம் முடிந்து கோமதியின் துணிகளை ஆற்றில் விட்டுவிட்டு வந்தோம். மாமா கோயம்புத்தூர் போய்விட்டார். உங்களிடம் பேசவில்லை என்று சொன்னார். நானும் பேசப் போவதில்லை. ஆனால் கேட்க வேண்டியது இருக்கிறது.

மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது அவளை மூடியிருந்தார்கள். கார் வந்து நிற்கும்போதே உயிர் இல்லை என்றார்கள். டாக்டரம்மா காலைக் காட்டினார். உள்ளங்காலில் மூன்று கீறல். அதிலிருந்து கணுக்கால்வரை கறுத்துப் போயிருந்தது. புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி, வீங்கிய இருதயம் தாங்கவில்லை என்றார். "பிளேடு பட்ட மாதிரி இருக்கே, யார் கீறுனது?" என்று என்னிடம் கேட்டார். பெற்றவள் நான், எனக்குத் தெரியவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து மடித்து அனுப்புகிற பேண்டேஜ் துணி எந்தெந்த ஊருக்கோ போகிறது. என் பிள்ளை காலில் ஒரு சுற்றுச் சுற்ற ஆள் இல்லை. தொடக் கூடாது என்று உட்கார வைத்திருந்தீர்கள்.

சீமையிலிருந்து பதில் வந்துவிட்டது. அவள் ரத்தத்தில் அந்தச் சத்து ஒரு துளிகூட இல்லையாம். இரண்டு பக்கமும் ஒரே ரத்தமாக இருந்து, இரண்டு பேரிடமிருந்தும் அதே குறை வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகுமாம். தெருவிலேயே பெரிய உடம்பு என் மகளுக்கு. அவள் பிறந்த நாள் முதல் பட்டினி கிடந்திருக்கிறாள். அந்தச் சத்தையே ஊசியில் ஏற்றிப் போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். போட்டால் தட்டில் சோறு மிச்சம் வைத்துவிட்டு விளையாடப் போகலாமாம். இவளையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

தம்பிக்கு அசலில் பெண் பாருங்கள். நம் சொந்தத்தில் எடுக்காதீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கீறல் எப்படி வந்தது. காரில் அவள் என்ன சொன்னாள். உங்களைத் தவிர யாரும் அவள் பக்கத்தில் இல்லை. மறைக்காமல் எழுதுங்கள்.

சண்முகத்தாய்.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2-7-1998.

சண்முகத்தாய்க்கு,

என்னை அவர்கள் இவர்கள் என்று எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. ஆனால் நான் அவளைக் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் நீ நினைக்கக் கூடாது. அதை நான் எந்தச் சபையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுந்தரபாண்டியனுக்கு அசலில்தான் பார்க்கிறேன். தேவதானத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது.

கேட்டதைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் குச்சிலுக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. கூப்பிட்டேன், சரியாகப் பதில் இல்லை. தீட்டு என்று பார்க்காமல் உள்ளே போய்ப் பாவாடையை விலக்கிப் பார்த்தேன். காலைப் பார்த்ததும் டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். பாய்க்கு அடியில் உன் தம்பியின் சவர பிளேடு கிடந்தது. இங்கத்து டாக்டர் உடனே மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார். சுந்தரபாண்டியன் டூட்டியில் இருந்தான். வாடகைக் காரில் நானும் அவளும் மட்டும்தான்.

கிருஷ்ணன்கோவில் தாண்டினதும் அவளே கண் திறந்தாள். என் மடியில் தலை. "அம்மாச்சி, நான் ஆளாகல" என்றாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். பிறகு நிதானமாகச் சொன்னாள். "கால்ல கீறித்தான் பாவாடையில தேச்சேன். ஆளானாத்தான நீ பூட்டத் தொறப்ப." "வலிச்சுதாட்டி?" என்று கேட்டேன். "வலிச்சுது. ஆனா களி குடுத்தல்ல" என்றாள். அம்மாகிட்ட சொல்லாத, அழுவா என்றாள். அதனால்தான் இத்தனை நாள் உனக்குச் சொல்லவில்லை. நீ கேட்டதால் சொல்கிறேன்.

போகிற வழியில் கொடுக்கலாம் என்று தூக்குச்சட்டியில் களி எடுத்து வந்திருந்தேன். கல்லுப்பட்டி வந்தபோது கொஞ்சம் உருட்டி அவள் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம் அம்மாச்சி. பசிக்கல" என்றாள்.

பதினாலு வருசத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. நீயும் கேட்டிருக்க மாட்டாய். நோய் இறங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. "பிள்ளைக்குப் பசிக்கலயாம் தம்பி" என்று டிரைவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆண்டாளுக்கு நேர்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். எழுந்துவிடப் போகிறாள் என்று, மதுரை வரைக்கும் நான் மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா.